மறதியா, ஜன்னியா, மனச்சோர்வா?

இராஜபாளையத்து ஆலைகளிலும் சத்திரப்பட்டித் தறிகளிலும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து, மக்கள் பிழைப்பை நாடிச் சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் கடல் கடந்தும் போய்விட்டபடியால் அந்திமக் காலத்தை முதியோர் இல்லத்தில் கழிக்க நேர்ந்த ஒருவர், திடீரென்று பேச்சுக் குழம்பி, உண்ண மறுத்து, பெற்ற பிள்ளையையே யாரென்று கேட்பாரானால், செட்டியார்பட்டியிலாயினும் ஸ்ரீவில்லிபுத்தூரிலாயினும் சுற்றியிருப்போர் சொல்லும் சமாதானம் ஒன்றே: “வயசாயிருச்சு, அப்படித்தான் இருக்கும்.” அனுதாபத்தோடு சொல்லப்படும் இந்த வாக்கியம், சில சமயங்களில், காப்பாற்றியிருக்கக்கூடிய உயிரையும் காவு கொண்டுவிடுகிறது.

விருத்தாப்பியத்தில் புத்தியை மறைக்கும் வியாதிகளுள் முக்கியமானவை மூன்று. டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி ஒன்று, டெலிரியம் என்று வைத்தியர்களும் ஜன்னி என்று ஊராரும் சொல்லும் திடீர்ச் சித்தக் குழப்பம் மற்றொன்று, மனச்சோர்வு மூன்றாவது. வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே காணப்படும் இவை, காரணத்திலும் போக்கிலும் சிகிச்சையிலும் முற்றும் வேறானவை. இவற்றைப் பிரித்தறிய முதலில் கேட்கவேண்டிய கேள்வி, “எப்பொழுதிலிருந்து இப்படி?” என்பதே. மறதி நோய் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல முற்றுவது. மனச்சோர்வு வாரக்கணக்கில், பல சமயம் ஓர் இழப்பையோ வீட்டைவிட்டுப் பிரிந்ததையோ தொடர்ந்து, வந்து கவிவது. ஜன்னியோ நேற்று வரை இல்லாதிருந்து இன்று தோன்றுவது, காலையில் தெளிந்தாற்போலிருந்து இருட்டியதும் மீண்டும் மூள்வது.

ஒரே கேள்வி, மூன்று பதில்கள்

ஆடிப்பூரம் முடிந்து சில நாட்களுக்குப் பின், “இந்த வருஷம் ஆண்டாள் தேர் ஓடிருச்சா, பாட்டி?” என்று இல்லத்து ஆயா கேட்பதாக வைத்துக்கொள்வோம். மறதி நோயுள்ள பாட்டி, தாம் சிறுமியாயிருந்தபோது வடம் தொட்ட கதையை உற்சாகமாகச் சொல்லி, அதையே இவ்வருஷத்துத் தேராகவும் எண்ணி மகிழக்கூடும். தமக்கு மறதி உண்டென்பதே பல சமயம் அவருக்குத் தோன்றுவதில்லை. மனச்சோர்வுற்றவர், “ஓடினா என்ன, ஓடாட்டி என்ன, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்; பதில் தெரிந்திருந்தும் தேடிச் சொல்லும் ஊக்கம் அவரிடம் இராது. ஜன்னி கண்டவரோ, சொல்லத் தொடங்கியதைப் பாதியில் விட்டு, சுவரில் பூச்சி ஊர்வதாகக் கூறி, அடுத்த நிமிஷம் கண் அயர்ந்துவிடலாம். முதலாமவரிடம் குறைவது ஞாபகம், இரண்டாமவரிடம் விருப்பம், மூன்றாமவரிடம் கவனம்.

இம்மூன்றினுள்ளும் ஒரு நாளும் காத்திராதது ஜன்னி. சிறுநீர்த் தொற்று, நுரையீரல் சளி, மலச்சிக்கல், அக்கினி நட்சத்திர வெயிலில் உடம்பின் நீர் வற்றுதல், இரத்தத்தில் உப்போ சர்க்கரையோ குறைதல், கீழே விழுந்து தலையில் அடிபடுதல், புதிதாகத் தந்த தூக்க மாத்திரை, ஏன், சாதாரணச் சளி மாத்திரை கூட அதற்குக் காரணமாகலாம். காரணத்தை நீக்கினால் பெரும்பாலும் தெளிவு திரும்பும். கூச்சலிடுகிறவரைத்தான் நாம் கவனிக்கிறோம். ஆனால் சத்தமின்றிச் சுருண்டு படுத்து, எழுப்பினாலும் எழாமல் தூங்கி வழிகிற ஜன்னியும் உண்டு. முதியவர்களிடம் அதுவே அடிக்கடி தவறவிடப்படுவது. “பாவம், மனசு சரியில்லை” என்று விட்டுவிடுகிறோம். ஜன்னியைக் கண்டறிய எடின்பரோவில் உருவான ஃபோர்-ஏ-டி பரிசோதனையில், மாதங்களைப் பின்னோக்கிச் சொல்லும்படி கேட்பது ஓர் அங்கம். நம்மவரிடம் பங்குனி, மாசி, தை என்று சொல்லச் சொல்லலாம். மறதியுள்ளவரும் இதில் தவறுவாராதலால், சென்ற வாரம் சொல்ல முடிந்தது இன்று முடியவில்லையா என்பதையே பார்க்கவேண்டும்.

மனச்சோர்வு மறதியின் வேஷத்தில் வருவதும் அபூர்வமன்று. அத்தகைய நோயாளிகளைப் பற்றி மனநல மருத்துவர் கைலோ 1961-ல் எழுதிய கட்டுரைக்குப் பின், பொய் மறதி என்ற கருத்து வைத்திய உலகில் நிலைபெற்றது. விடியுமுன் விழித்துக்கொள்ளுதல், பிடித்த பலகாரத்தையும் ஒதுக்குதல், ஓயாமல் வயிற்றையும் நெஞ்சையும் குறித்து முறையிடுதல், “நான் எல்லாருக்கும் பாரம்” என்று சொல்லுதல் ஆகியவை இதன் லட்சணங்கள். சாவைப் பற்றிய பேச்சைக் கிழப்புலம்பல் என்று தள்ளிவிடலாகாது. மருந்தாலும் சம்பாஷணையாலும் குணமாகக்கூடிய நோய் இது.

மறதி நோயின் மிகப் பரவலான வகைக்குப் பெயர் தந்தவர் அல்ஷைமர். 1901-ல் பிராங்பர்ட்டில் தாம் கண்ட 51 வயதுப் பெண்மணியின் நோயை 1906-ல் அவர் உலகுக்கு விவரித்தார். நம் நாட்டில், சென்னைக்கருகே திருப்போரூரில் 60 வயது கடந்தவர்களிடையே நடந்து 1997-ல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 3.5 பேரிடம் மறதி நோயைக் கண்டது. எனினும், மறதி என்று முத்திரையிடுமுன் தைராய்டையும் பி-12 சத்தையும் பரிசோதிப்பது அவசியம். ஒருவரிடமே மறதி, ஜன்னி, மனச்சோர்வு மூன்றும் கூடியிருக்கலாம். மறதியுள்ளவருக்கு ஜன்னி எளிதில் காணும். ஆகவே முதலில் ஜன்னியை விலக்கி, பின்பு மனச்சோர்வை ஆராய்ந்து, அதற்குப் பின்னரே மறதியைத் தீர்மானிப்பது விவேகம்.

யார் சொல்வது?

சென்னை மருத்துவக் கல்லூரியில் முதியோர் மருத்துவத்துக்கென்றே மேற்பட்டப் படிப்பு 1996-ல் தொடங்கியது. கிண்டியில் 200 படுக்கைகளுடன் தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-ல் திறக்கப்பட்டது. ஆயினும் எவ்வளவு தேர்ந்த மருத்துவரும், இம்முதியவர் போன வாரம் எப்படியிருந்தார் என்பதைத் தாமே அறிய இயலாது. அதை அறிந்தவர், தினமும் அவருக்குத் தலைவாரி, கஞ்சி புகட்டி, துணி மாற்றும் ஆயாவே. அவருடைய வார்த்தைக்கு ஒரு நோட்டுப் புத்தகத்திலாவது இடம் தருகிற இல்லமே நல்ல இல்லம்: இன்று எவ்வளவு உண்டார், எப்பொழுது தூங்கினார், எத்தனை முறை சிறுநீர் போனார், பேச்சில் மாறுதல் உண்டா என நாலு வரி போதும்.

பெற்றோரை இல்லத்தில் சேர்க்கும் மக்களுக்கும் ஒரு கடமை உண்டு. அவர் யாரை அடையாளம் காண்பார், எதை மறப்பார், எதை விரும்புவார், என்னென்ன மாத்திரை உண்கிறார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஓரிரு நாளில் தலைகீழாக மாறிவிட்டாரென்று கேள்விப்பட்டால், அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்கள் இருக்கின்றன. வயதாவது நோயன்று, வயதின்மேல் பழியைப் போட்டு நோயைப் பாராதிருப்பதே குற்றம்.