காலாட்டுவது நோயா?

“உட்கார்ந்தால் ஒரு நிலையில் இருப்பதில்லை, காலை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். நரம்புத் தளர்ச்சியா, டாக்டர்?”

பட்டுச் சேலைகளுக்குக் கணினியில் டிசைன் வரையும் கணவரை அழைத்து வந்த பெண்மணி ஒருவர் எங்களிடம் இவ்வாறு கேட்டார். காலாட்டினால் வீட்டுக்கு ஆகாது என்று மாமியார் வேறு நாள்தோறும் கண்டித்து வந்திருக்கிறார்.

குழித்தறியில் அமரும் நெசவாளரும் நாள் முழுவதும் உட்கார்ந்தே உழைக்கிறார். அவருக்கும் முதுகுவலி உண்டு. எனினும் மிதிகட்டையை மிதிப்பதால் கால்கள் ஓய்ந்திருப்பதில்லை. கணினி முன் அமர்பவருக்கோ விரல்களும் விழிகளுமே அசைகின்றன. கழுத்து, தோள், இடுப்புத் தசைகள் உடலைத் தாங்கியவாறே இறுகிக் கிடக்கின்றன. இறுகிய தசையில் குருதியோட்டம் குறைய, வலியும் சோர்வும் தலைகாட்டுகின்றன. கண் இமைப்பதும் குறைவதால் எரிச்சல் சேர்ந்துகொள்கிறது. அந்நிலையில் உடல் தானாகவே நெளிகிறது, சாய்கிறது, காலை ஆட்டுகிறது. நேரம் செல்லச் செல்ல இவ்வசைவுகள் மிகுவது இயல்பே.

இதனால் நன்மையும் உண்டு. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தில் 11 இளம் வயதினரை 3 மணி நேரம் உட்கார வைத்து, ஒரு காலை மட்டும் 1 நிமிடம் ஆட்டவும் 4 நிமிடம் நிறுத்தவும் செய்தனர். அசையாத காலில் முழங்காலின் பின்புறத் தமனியின் விரியும் திறன் குன்றியது. ஆட்டிய காலில் குன்றவில்லை. 2016இல் வெளியான இவ்வாய்வு சிறியதுதான். ஆயினும் காலாட்டுபவரைக் கடிந்துகொள்ளும் முன் நினைவில் கொள்ளத்தக்கது.

எங்களிடம் வந்தவரின் கவலை வேறு. “அடிக்கடி எழுந்தால் வேலை முடியாது, ஆர்டர் போய்விடும்” என்றார். இதையும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்றில் தரவுப் பதிவு செய்த 42 பேருக்கு, வழக்கமான இடைவேளைகளோடு 5 நிமிட ஓய்வுகளையும் சேர்த்து, நாளொன்றுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தனர். உடல்வலியும் கண்சோர்வும் குறைந்தன. வேலையின் அளவோ குறையவில்லை. 2000ஆம் ஆண்டு இம்முடிவு வெளிவந்தது.

ஓய்வுக்கு ஏற்பாடு செய்வது நம் ஊருக்குப் புதிதன்று. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றிக் கூறும் திருமுக்கூடல் வெங்கடேசப் பெருமாள் கோயிலின் வீரராசேந்திர சோழர் கல்வெட்டில், அங்குப் பயின்ற மாணவர்களின் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கும் நிவந்தம் உண்டு.

சில அறிகுறிகளை மட்டும் அசட்டை செய்யலாகாது. இரவில் படுத்தபின் கால்களில் ஊர்வது போன்ற உணர்வும், ஆட்டினால்தான் அடங்கும் தவிப்பும் இருப்பின், இரும்புச்சத்துக் குறைவோ சிறுநீரகக் கோளாறோ காரணமாகலாம். குருதிப் பரிசோதனை தேவை. ஒரு கால் கெண்டைச்சதை மட்டும் வீங்கி வலித்தால், எண்ணெய் தேய்த்து உருவிவிடாமல் அன்றே வாருங்கள். உள்ளே குருதி உறைந்திருக்கக்கூடும். அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ இருந்தால் ஒரு கணமும் தாமதியாதீர்கள்.

அவருக்கு இவற்றுள் எதுவும் இல்லை. தண்ணீர்ச் செம்பை மேசையிலிருந்து எடுத்து அடுக்களையில் வைக்குமாறு மனைவியிடம் சொல்லி அனுப்பினோம். தாகம் எடுத்தாலாவது எழுந்து நடப்பார் அல்லவா! மறுமுறை வந்தபோது கழுத்துவலி குறைந்திருந்தது. காலாட்டுவது நிற்கவில்லை, நிறுத்துமாறு நாங்களும் சொல்லவில்லை.