எண்களில் பறக்கும் விமானம்

நம் சங்க நூலகத்தில் சென்ற மாதம் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் என்னை மடக்கினான். "மாமா, கம்ப்யூட்டர்ல விமானம் ஓட்டும்போது மூக்கை ரொம்பத் தூக்கினா கீழே விழுதே, விழணும்னு அதுக்கு யார் சொல்லிக் கொடுத்தாங்க?" பெங்களூரில் விமானத் துறையில் கணக்குப் போட்டே சம்பளம் வாங்கியவன் நான். அன்று நின்றபடி சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன்.

பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் ஜன்னலில் கையை நீட்டி அம்மாவிடம் திட்டு வாங்காதவர் நம்மில் யார்? உள்ளங்கையைச் சற்றே சாய்த்தால் காற்று கையைத் தூக்கும். இறக்கையும் அப்படித்தான். காற்றின் அடர்த்தி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு, ஒரு குணகம் ஆகியவற்றைப் பெருக்கிப் பாதியாக்கினால் தூக்குவிசை வரும். முதல் மூன்றும் நேரே அளக்கக்கூடியவை. குணகமோ இறக்கையின் வடிவத்தையும் சாய்வையும் பொறுத்தது.

1000 கிலோ எடை, 16 சதுர மீட்டர் இறக்கை உள்ள சிறு விமானம் மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் தாழப் பறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குணகம் 0.4 போதும். வேகம் 108 ஆனால் 1.1 தேவை, விமானி மூக்கைத் தூக்கி அதைப் பெறுகிறார். 90 ஆனால் 1.6 வேண்டும். ஃபிளாப் இறக்காத சாதாரண இறக்கை ஏறத்தாழ 1.5லேயே கைவிட்டுவிடும். மேற்புறக் காற்று பிரிந்து, விமானம் தாழும். இதுவே ஸ்டால்.

இழுவிசைக்கு, மூக்கு ஏறி இறங்குவதற்கு, பக்கவாட்டில் உருள்வதற்கு என்று சிமுலேட்டருக்கு இப்படிப் பல குணகங்கள் தேவை. கண்டுபிடிக்க வழிகள் மூன்று. வரைபடத்தை வைத்துச் சூத்திரங்களால் மதிப்பிடலாம். சிறு மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளக்கலாம்; பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தின் 1.2 மீட்டர் சுரங்கம் 1967 முதல் இதற்கு உதவியிருக்கிறது. மூன்றாவது, பறந்தே பார்ப்பது. விமானி ஸ்டிக்கைச் சட்டென்று இழுத்துத் தள்ளுவார். விமானம் ஆடுவது பதிவாகும். கணக்கில் வந்த ஆட்டம் அந்தப் பதிவோடு பொருந்தும்வரை குணகங்களைத் திருத்திக்கொண்டே போவோம்.

ஆனால் அளக்காத இடத்தில் சிமுலேட்டர் சொல்வது வெறும் ஊகம். 2009 ஜூன் 1 அன்று ரியோவிலிருந்து பாரிஸ் சென்ற ஏர் பிரான்ஸ் 447 விமானத்தில், வேகம் அளக்கும் குழாய்களைப் பனித்துகள்கள் அடைத்தன. உயரத்தில் ஸ்டால் ஆன விமானம் மீளவே இல்லை. 228 உயிர்கள் போயின. அக்காலப் பயிற்சி பெரும்பாலும் ஸ்டால் எச்சரிக்கை ஒலித்ததும் மீள்வதோடு நின்றது. அதற்கப்பால் சிமுலேட்டர்களில் நம்பத்தக்க எண்கள் இல்லை. அமெரிக்கா 2016இல் சிமுலேட்டர் விதிகளைத் திருத்தி, 2019 மார்ச்சிலிருந்து முழு ஸ்டால் பயிற்சியைக் கட்டாயமாக்கியது.

தம்பி, நீயும் ஒன்றை அளக்கலாம். காற்று வீசாத கூடத்தில் காகித விமானத்தை மெல்ல விடு. 2 மீட்டர் உயரத்திலிருந்து சீராகச் சறுக்கி 10 மீட்டர் தள்ளி இறங்கினால், அதன் தூக்குவிசைக் குணகம் இழுவிசைக் குணகத்தைப் போல் சுமார் 5 மடங்கு. பத்து முறை விட்டுச் சராசரி எடு. அடுத்த ஞாயிறு நோட்டோடு வா, பார்க்கலாம்.