வேகமாக வாசிக்க மெதுவாகத் தொடங்குங்கள்: ஹெவி மெட்டல் டிரம்ஸ் பழகுவோருக்கு

ஹெவி மெட்டல் இசை பெற்றோர் பலரின் காதுக்கு வெறும் இரைச்சல். டிரம்ஸ் பழகும் பிள்ளைகளுக்கோ அந்த வேகம் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிட வேண்டும். அந்த இரைச்சலுக்குள் தெளிவான கணக்கு இருக்கிறது. அதைப் பழகாமல் வேகத்துக்கு அவசரப்பட்டால் மணிக்கட்டுதான் முதலில் வலிக்கும்.

இவ்விசையில் இரண்டு அடிகள் முக்கியமானவை. ஒன்று, ‘பிளாஸ்ட் பீட்’. வலக்கை சிம்பலிலும் இடக்கை ஸ்நேர் டிரம்மிலும் மாறி மாறி விழும். சிம்பலில் அடி விழும்போதெல்லாம் வலக்கால் பேஸ் டிரம்மை மிதிக்கும். இங்கிலாந்தின் நேபாம் டெத் குழு 1987இல் வெளியிட்ட ‘ஸ்கம்’ தொகுப்பில் இதைக் கேட்கலாம். மற்றொன்று, ‘டபுள் பேஸ்’. இரு கால்களும் மாறி மாறி மிதிக்கும். இதற்கு இரண்டு பேஸ் டிரம் வாங்க வேண்டியதில்லை. ஒரே டிரம்மில் பொருத்தும் இரட்டைப் பெடல் போதும்.

வேகம் எவ்வளவு? மிருதங்க வகுப்பில் ஒரு தட்டுக்குத் ‘தகதிமி’ என நான்கு சொல் சொல்வோம். நிமிடத்துக்கு 200 தட்டு என்றால் 800 அடி, அதாவது விநாடிக்கு 13 அடிக்கு மேல். மெட்டல் பாடல்களில் இது சாதாரணம்.

அங்கே போக, மெட்ரோனோமை 60இல் வைத்துத் தொடங்குங்கள். விநாடிக்கு ஒரு ‘தகதிமி’. இரண்டு நிமிடம் அடிகள் சமமாக விழுந்தால் மட்டும் 5 கூட்டுங்கள். கைப்பேசியில் பதிவு செய்து கேட்டால் தடுமாற்றம் தெரிந்துவிடும். குச்சியை இறுக்கிப் பிடிக்காதீர்கள். தோலில் பட்டு அது தானாகவே எழும்பும். அந்த எழுச்சியை விரல்களால் பயன்படுத்துவதே வேகத்தின் இரகசியம். தோள் இறுகினால் வேகத்தைக் குறையுங்கள், வலித்தால் நிறுத்துங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர்களுக்கு இடக்கையும் இடக்காலும் பின்தங்கும். அவற்றுக்குத் தனியாக நேரம் கொடுங்கள்.

உறுமி, தவில் வாசித்தவர்களுக்குத் தாளம் பிடிக்கும் காது ஏற்கெனவே இருக்கும். புதிதாகப் பழக வேண்டியது கால்தான்.

அடுக்குமாடியிலும் தாமான் வீட்டிலும் ரப்பர் பயிற்சித் தட்டில் பழகினால் அண்டை வீட்டாரோடு சண்டை வராது. உண்மையான டிரம்ஸில் அமரும்போது காதடைப்பான் கட்டாயம். டிரம்ஸ் சத்தம் 100 டெசிபலை எளிதில் எட்டும். அந்த அளவில் ஒரு நாளைக்கு 15 நிமிடம்தான் பாதுகாப்பு என்பது அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷின் கணக்கு. போன செவித்திறன் பெரும்பாலும் திரும்பாது.

இந்த இசை நமக்கு அந்நியமும் அல்ல. சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா குழு வேதாந்தக் கருத்துகளை மெட்டல் இசையில் பாடி வருகிறது. பிள்ளை அறைக்குள் தட்டிக்கொண்டிருந்தால், “சத்தத்தை நிறுத்து” என்பதற்கு முன், “இன்று எத்தனையில் வாசிக்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள்.