சூலூர் வட்டாரக் கூலி விசைத்தறிகளில் மூலதனம் – உழைப்பு வருவாய்ப் பகிர்வு

முன்னுரை

உற்பத்தியால் கிடைக்கும் வருவாய், உழைப்புக்கு ஊதியமாகவும் மூலதனத்திற்கு இலாபம், வட்டி, வாடகையாகவும் பிரிகிறது என்பது பொருளியலின் அடிப்படை வகைப்பாடு. உழைப்போரும் கருவி உடையோரும் வெவ்வேறானவர் என்பது இதன் எடுகோள். கோவை மாவட்டம் சூலூர் வட்டத்தில், குறிப்பாகச் சோமனூர்ப் பகுதியில் இயங்கும் கூலி விசைத்தறிகள் இவ்வெடுகோளுக்குள் அடங்குவதில்லை. அதனால் உழைப்பின் பங்கை அளவிடுவதில் எழும் சிக்கலை இக்கட்டுரை விளக்குகிறது.

கூலி பெறும் உடைமையாளர்

ஜவுளி உற்பத்தியாளர் பாவும் ஊடை நூலும் தருகிறார். விசைத்தறியாளர் அவற்றைத் துணியாக நெய்து கொடுத்து, மீட்டர் அளவில் கூலி பெறுகிறார். துணியும் அதன் சந்தை இலாபமும் உற்பத்தியாளருக்கு உரியவை. மின்கட்டணம், உதிரிபாகம், தறி ஓட்டுபவரின் சம்பளம் ஆகியன விசைத்தறியாளரின் பொறுப்பு. இவை போக எஞ்சும் தொகையில் அவர் குடும்பத்தின் உழைப்பும், தறியின் தேய்மானமும், கடன் வட்டியும் கலந்துள்ளன.

ஆகவே தறி உடைமை மட்டுமே இலாபத்தின் மீதான உரிமையைத் தருவதில்லை; நூலையும் சந்தையையும் கையில் வைத்திருப்பவரிடமே அவ்வுரிமை உள்ளது. 2021 நவம்பரில் சோமனூர் ரகத்திற்கு 23 விழுக்காடும் பிற ரகங்களுக்கு 20 விழுக்காடும் கூலி உயர்வு அறிவிக்கப்பட்டது. அது நடைமுறைக்கு வராததால் 2022 ஜனவரியில் விசைத்தறியாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தொழிலாளரின் போராட்ட முறையைத் தறி உடைமையாளர் கைக்கொண்டது அவர்தம் இருநிலையைக் காட்டுகிறது.

கணக்கீட்டுச் சிக்கல்

தேசியக் கணக்கியல் இத்தகைய வருவாயைக் ‘கலப்பு வருவாய்’ என வகைப்படுத்துகிறது. சுயதொழில் செய்வோரின் உழைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால், உழைப்பின் பங்கில் நாடுகளிடையே தோன்றும் பெரும் வேறுபாடு குறைவதை டக்ளஸ் கோலின் 2002இல் காட்டினார். ஒரு தறிக்கூடத்தின் நிகர மதிப்புக்கூட்டல் 100 ரூபாய் என்றும், அதில் தறி ஓட்டுபவரின் சம்பளம் 40 ரூபாய் என்றும் கொள்வோம். எஞ்சிய 60 ரூபாயை இலாபமாகக் கருதினால் உழைப்பின் பங்கு 40 விழுக்காடு. உழைப்பூதியமாகக் கருதினால் 100 விழுக்காடு. உடைமையாளரும் தறி ஓட்டுபவருக்கு இணையாக உழைத்தார் எனக் கொண்டு அவருக்கும் 40 ரூபாய் கணக்கிட்டால் 80 விழுக்காடு. மின்விசையுடன் 10 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் கூடங்கள், பொதுவாக ஆண்டுத் தொழில் ஆய்வின் வரம்பிற்குள் வருவதில்லை என்பதும் கருதத்தக்கது.

முடிவுரை

மேற்கண்ட மூன்று கணக்கீடுகளுள் இறுதியானதே இவ்வட்டாரத்திற்குப் பொருந்துவது. உடைமையாளரின் உழைப்பிற்குரிய ஊதியத்தைக் கழித்தபின் எஞ்சுவது தறியின் தேய்மானத்தையும் ஈடுசெய்யாதெனில், அங்கு மூலதனத்தைத் தாங்கி நிற்பது ஊதியம் பெறாத குடும்ப உழைப்பே ஆகும். மீட்டர்க் கூலி உயராதவரை தறி ஓட்டுபவரின் சம்பளமும் உயர வழியில்லை. எனவே இங்கு வருவாய்ப் பகிர்வை முதலாளி – தொழிலாளி என்னும் இருவரிடையே அன்றி, உற்பத்தியாளர், விசைத்தறியாளர், தறி ஓட்டுபவர் என்னும் மூவரிடையே வைத்து ஆராய்தல் வேண்டும்.