விளையாட்டிசைக்கு விலை யாது?

பதிற்றுப்பத்தின் பதிகங்களைப் பயில்வோர் அரசர்தம் வெற்றியைக் கூறும் அடிகளில் ஊன்றி நிற்பர். புலவர் பெற்ற பரிசிலைக் கூறும் இறுதிப் பகுதியையோ விரைந்து கடந்துவிடுவர். எனினும் அப்பகுதி ஆழ்ந்து நோக்கற்பாலது. ஏழாம் பத்தைப் பாடிய கபிலருக்குச் செல்வக் கடுங்கோ வாழியாதன் நூறாயிரங் காணம் கொடுத்ததோடு, குன்றேறி நின்று தன் கண்ணிற் கண்ட நாட்டையும் கொடுத்தான் என்ப. இரண்டாம் பத்தைப் பாடிய குமட்டூர்க் கண்ணனார்க்கு இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் உம்பற்காட்டு ஐந்நூறு ஊர்களையும், 38 ஆண்டுக் காலத்துக்குத் தென்னாட்டு வருவாயில் ஒரு பாகத்தையும் அளித்தான். ஒருமுறை கையில் விழும் பொன் ஒன்று; ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கும் பங்கு மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை அக்காலத்தார் நன்கறிந்திருந்தனர்.

இன்று வீடியோ விளையாட்டுக்கு இசையமைப்போர் அறிந்துகொள்ள வேண்டுவதும் இவ்வேறுபாடே. பண்டிதன் ஒருவனுக்கு இவ்விடயத்தில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். நம்மிடம் பயின்ற இளைஞர் சிலர், வீட்டிலிருந்தவாறே கணினியில் இசையமைத்துக் கடல்கடந்த விளையாட்டுக் கொம்பனிகளுக்கு விற்க முயல்கின்றனர். அவருள் ஒருவர் அண்மையில் ஓர் ஒப்பந்தத்தைக் கொணர்ந்து அதன் பொருளை வினவினார். அதிலே தொகையைக் கூறும் வரி ஒன்று. உரிமையைக் கூறும் வரிகளோ இரண்டு பக்கம். இளைஞர் அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படித்திருந்தார். அவர் பொருட்டு யான் தேடியறிந்தவை பிறர்க்கும் பயன்படும் எனக் கருதி இதனை எழுதலானேன்.

நிமிடக் கணக்கு

இத்துறையில் விலை பெரும்பாலும் நிமிடக் கணக்கிலேயே பேசப்படுகின்றது. நிறைவுற்ற இசை ஒரு நிமிடத்துக்கு இவ்வளவு என்பது வழக்கு. உதாரணமாக, நிமிடத்துக்கு 200 டொலர் எனக் கொள்வோம். முப்பது நிமிட இசைக்கு 6,000 டொலர் ஆகும். கேட்பதற்கு இனிய தொகைதான். ஆயின் வயலின் வாசிப்போருக்கும் ஒலிப்பதிவுக் கூடத்துக்கும் 1,500 டொலர் கொடுத்து, வேலை மூன்று மாதம் நீடித்தால், மாதமொன்றுக்கு எஞ்சுவது 1,500 டொலரே. கொம்பனியார் மீண்டும் மீண்டும் திருத்தம் வேண்டின் மூன்று மாதம் ஐந்தாகும். 1,500 டொலர் 900 ஆகும். ஆகவே எத்தனை திருத்தம் விலையில் அடங்கும் என்பதும், வாத்தியக்காரரின் ஊதியம் எவர் பொறுப்பு என்பதும் முன்னரே எழுதப்படவேண்டும்.

இன்னுமொரு நுட்பம் உண்டு. திரைப்படக் காட்சியின் நீளம் வரையறுக்கப்பட்டது. விளையாட்டிலோ, ஆடுபவர் ஒரு வாயிலின் முன் ஒரு நொடியும் நிற்பார். ஒரு மணி நேரமும் நிற்பார். ஆகவே இசை முடிவும் தொடக்கமும் பொருந்தச் சுழன்று வரவேண்டும்; பகைவர் தோன்றுங்கால் விறுவிறுப்புற வேண்டும். 1991இல் வெளிவந்த ‘மங்கி ஐலண்ட் 2’ என்னும் விளையாட்டிலேயே லூக்காஸ் ஆர்ட்ஸ் நிறுவனத்தார் இடத்துக்கேற்ப இசை இடையறாது மாறும் பொறிமுறையைக் கையாண்டனர். இன்று இரண்டு நிமிட இசையை நான்கு அடுக்காக ஆக்கித் தருமாறு கேட்பது உண்டு. மென்மையான பகுதி ஓரடுக்கு, முழவு ஓரடுக்கு என அவை வேண்டியாங்கு சேர்ந்தும் பிரிந்தும் ஒலிக்கும். இது இரண்டு நிமிடமா, எட்டு நிமிடமா? ஒப்பந்தம் மௌனமாயிருப்பின் நட்டம் இசைஞனுக்கே.

உரிமைக் கணக்கு

விலையிலும் பெரிது உரிமை. உரிமை முழுவதையும் விற்றுவிடுவது ஒருமுறை. குறித்த விளையாட்டில் மட்டும் பயன்படுத்த, வேறெவருக்கும் கொடுப்பதில்லை என்னும் உறுதியோடு அனுமதி அளிப்பது இரண்டாம் முறை. அவ்வுறுதியின்றிப் பலர்க்கும் அனுமதி அளிப்பது மூன்றாம் முறை. முதலாவதற்கு விலை மிகவும், மூன்றாவதற்கு விலை குறையவும் இருத்தல் முறை. ஆயின் அனுபவமற்றோர் முதலாவதை மூன்றாவதன் விலைக்குக் கொடுத்துவிடுகின்றனர்.

இரு சான்றுகளை ஒப்பிடுவாம். 1985இல் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாட்டுக்கு இசையமைத்த கோஜி கொண்டோ, ஜப்பானிய நிண்டெண்டோ நிறுவனத்தின் சம்பள ஊழியர்; இசையின் உரிமை நிறுவனத்துக்குரியது. 2023இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பேரேட்டில் இடம்பெற்ற முதல் விளையாட்டிசை அவருடையதே. ‘மைன்கிராஃப்ற்’ விளையாட்டின் முதல் இசைத்தொகுதியை ஆக்கிய டானியல் றோசன்ஃபெல்டோ உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். 2014இல் மைக்கிரோசொஃப்ற் நிறுவனம் அவ்விளையாட்டை ஆக்கிய மொஜாங் கொம்பனியை 250 கோடி டொலருக்கு வாங்கியபோதும் அவ்விசையின் உரிமை கைமாறவில்லை. 2025இல் அவ்விசைத்தொகுதியும் அதே பேரேட்டில் ஏறியது. இருவர்க்கும் புகழ் ஒன்றே, உடைமை வேறு. சம்பளத்தில் உறுதி உண்டு. உரிமையில் எதிர்காலம் உண்டு. எதனைப் பெற எதனை விடுகின்றோம் என்பதை அறிந்து விடுதலே அறிவுடைமை.

தொலைக்காட்சியில் ஒலிக்கும் இசைக்குச் சங்கங்கள் வாயிலாகப் பின்னரும் பணம் வந்துகொண்டிருக்கலாம். வீட்டிலிருந்து ஒருவர் ஆடும் விளையாட்டு பொது அரங்கேற்றம் ஆகாமையின், அவ்வருவாய் பொதுவாக இங்கில்லை. விற்பனையாகும் ஒவ்வொரு பிரதிக்கும் பங்கு தரும் ஒப்பந்தமும் அரிதே. ஆதலின் முதலிற் பெறும் தொகையே பெரும்பாலும் முடிவான தொகையாகின்றது.

முன்னரே வெளிவந்த பாட்டை விளையாட்டிற் சேர்ப்பதற்கு இரு அனுமதி வேண்டும்: பாட்டை ஆக்கியோர் அனுமதி ஒன்று; ஒலிப்பதிவுக்கு உரியோர் அனுமதி மற்றொன்று. காலவரையறையும் முக்கியம். ‘அலன் வேக்’ என்னும் விளையாட்டு, அதிலுள்ள பாடல்களின் அனுமதிக் காலம் முடிந்தமையால் 2017இல் விற்பனையினின்றும் நீக்கப்பட்டு, அனுமதி புதுப்பிக்கப்பட்டபின் 2018இல் மீண்டது. இதனாலேயே பெருங் கொம்பனிகள் இப்போது என்றென்றைக்குமான உரிமையை விரும்புகின்றன. அவ்விருப்பம் நியாயமானதே, அதற்கேற்ற விலை தருவதும் நியாயமன்றோ? 2024இல் ‘ஹெவன் 17’ என்னும் ஆங்கில இசைக்குழுவைச் சேர்ந்த மார்ட்டின் வெயர், ‘கிராண்ட் தெஃப்ற் ஓட்டோ’வின் ஆறாம் பாகத்துக்குத் தம் பாட்டொன்றைக் கேட்டு, எக்காலத்துக்குமாக 7,500 டொலர் தருவதாகக் கூறினர் என்றும், தாம் மறுத்துவிட்டதாகவும் வெளிப்படையாக எழுதினார். அத்தகைய விளையாட்டில் இடம்பெறுவதே பெரும் விளம்பரம் அன்றோ என்பாரும் உளர். புறநானூற்றிலே, தம்மைக் காணாமலே அதியமான் நெடுமானஞ்சி கொடுத்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்தார். சிறிதாயினும் தகுதியறிந்து தருவதே உவப்பு என்பது அவர் கொள்கை. விளம்பரம் என்பது தகுதியை அளந்து தருவதன்று.

நம் நாட்டு நிலை

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஊழியர் தம் பணியில் ஆக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவிடத்து, பணிக்கமர்த்தியவர்க்கே உரியது. பதிப்புரிமை ஆக்கியோரின் ஆயுட்காலமும் அதன் பின்னர் 70 ஆண்டும் நிலைக்கும். இருபது வயது இளைஞர் இன்று கையெழுத்திடுவது தம் பேரப்பிள்ளைகளுக்கும் சேர்த்தே ஆம்.

சிறு கொம்பனியாரிடம் பணம் இராது. அவரை வருத்துதலும் முறையன்று. அத்தகையோர்க்கு விலையைக் குறைக்கலாம். உரிமையைக் குறைத்தல் ஆகாது. குறித்த தொகைப் பிரதிகள் விற்றபின் பங்கு எனக் கேட்கலாம். இசைத்தட்டாக வெளியிடும் உரிமையைத் தம்மிடம் வைத்துக்கொள்ளலாம்.

எம் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். உரைநடைப் பயிற்சிக்கு நாம் கட்டுரையும் கதையும் கொடுக்கின்றோம். ஆண்டில் ஒருமுறையேனும் ஓர் ஒப்பந்தத்தையும் கொடுத்து, எதை, எவ்வளவு காலத்துக்கு, எங்கே பயன்படுத்த, என்ன விலைக்குக் கொடுக்கின்றேன் என்னும் நான்கு வினாக்களுக்கும் அதனுள் விடை காணுமாறு மாணாக்கரைப் பணிப்போமாக. பதவுரை கூறத் தெரிந்த பிள்ளைகளுக்கு அது அரிய செயலன்று.