இரு வீட்டுக்கும் வேண்டியவர்

அந்தரங்க ஆலோசகர்கள் – 7

தாமஸ் லியோனார்ட் என்ற அமெரிக்க நிதி ஆலோசகர் 1992-இல் ‘கோச் யூனிவர்சிட்டி’யையும், 1995-இல் ஐ.சி.எஃப். என்ற பன்னாட்டுக் கோச்சிங் கூட்டமைப்பையும் தொடங்கிய கதையைச் சென்ற வாரம் பார்த்தோம். பெரிய பொறுப்பில் இருப்பவரோடு தனியறையில் உட்கார்ந்து, அவருடைய தடுமாற்றங்களைக் காது கொடுத்துக் கேட்டு, கேள்வி கேட்டே அவரை வழி தேட வைக்கிற தொழிலுக்குச் சங்கமும் சான்றிதழும் நெறிமுறையும் வந்தது அப்படித்தான். அந்த நெறிமுறையை விதி விதியாக ஒப்பிப்பதைவிட, சங்கம் சான்றிதழ் என்ற வழியில் வராத ஒருவரின் கதையைச் சொன்னால், இந்த விதிகளுக்கு என்ன அவசியம் என்பது விளங்கிவிடும். சிலிக்கான் பள்ளத்தாக்கு இன்றைக்கும் கொண்டாடுகிற கோச் அவர். பெயர் பில் கேம்ப்பெல்.

பென்சில்வேனியாவில் ஹோம்ஸ்டெட் என்ற எஃகு ஆலை ஊரில் 1940-இல் பிறந்தவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்து, அதன் கால்பந்து அணிக்குத் தலைவராக இருந்து, 1974 முதல் 1979 வரை அதே அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகவும் இருந்தார். நாம் ஆடும் கால்பந்து இல்லை. தோளில் கவசம் மாட்டிக்கொண்டு மோதுகிற அமெரிக்க ஆட்டம். 12 வெற்றி, 41 தோல்வி, ஒரு சமன். மைதானத்தை விட்டுவிட்டு விளம்பர நிறுவனம், கோடாக் என்று போய், 1983-இல் ஆப்பிளுக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் இன்டூயிட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி, பிறகு அதன் இயக்குநர் குழுத் தலைவர். 1997-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் ஆப்பிளுக்குத் திரும்பியதும் இயக்குநர் குழுவுக்குக் கொண்டுவந்தவர்களில் கேம்ப்பெல் ஒருவர்; 2014 வரை அந்த நாற்காலியில் இருந்தார். வார இறுதிகளில் ஜாப்ஸும் அவரும் பாலோ ஆல்டோ தெருக்களில் நடந்துகொண்டே பேசுவார்கள். ஜாப்ஸ் மனம் விட்டுப் பேசிய வெகு சிலரில் இவரும் ஒருவர்.

2001-இல் கூகுளுக்கு எரிக் ஷ்மிட் தலைமை நிர்வாகியாக வந்தார். முதலீட்டாளர் ஜான் டோர் அவரிடம், ஒரு கோச் வைத்துக்கொள்ளுங்கள், கேம்ப்பெல்லைப் பாருங்கள் என்றார். எனக்கெதற்கு கோச் என்று ஷ்மிட் முதலில் முறைத்துக்கொண்டார். கொஞ்ச நாளில் கேம்ப்பெல் இல்லாமல் வாரம் நகராது என்ற நிலைக்கு வந்தார். லாரி பேஜ் வந்தார். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சையும் அவரிடம் வந்து உட்கார்ந்தார். இதற்காகக் கூகுள் கொடுக்க முன்வந்த ஊதியத்தைக் கேம்ப்பெல் மறுத்தார் என்று ஷ்மிட்டும் அவருடைய சகாக்களும் 2019-இல் ‘ட்ரில்லியன் டாலர் கோச்’ என்ற புத்தகத்தில் எழுதியிருக்கிறார்கள். கட்டிப்பிடிப்பார், வாய் கூசாமல் திட்டுவார், வீட்டில் உடம்பு சரியில்லை என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார். 2016 ஏப்ரலில் அவர் காலமானபோது, தொழிலில் ஒருவரையொருவர் முகம் கொடுத்துப் பார்க்காதவர்கள்கூட ஒரே இடத்தில் கூடி அழுதார்கள்.

அவருடைய நல்ல மனத்தில் எனக்கு எள்ளளவும் ஐயம் இல்லை. அதனால்தான் அவர் கதையை எடுத்துக்கொண்டேன். கெட்ட எண்ணத்தோடு வருகிறவரை விதிகள் பாதிதான் தடுக்கும். நல்லவர்கள் சறுக்கும் இடத்தில்தான் விதிகளின் தேவை முழுதாகத் தெரிகிறது.

ஆண்டுகளை வரிசையாகப் பாருங்கள். 2005-இல் ஆண்ட்ராய்ட் என்ற சிறு நிறுவனத்தைக் கூகுள் வாங்குகிறது. 2006-இல் ஷ்மிட் ஆப்பிளின் இயக்குநர் குழுவில் சேர்கிறார். 2007 ஜனவரியில் ஜாப்ஸ் ஐபோனை மேடையேற்றுகிறார். 2008-இல் முதல் ஆண்ட்ராய்ட் போன் கடைக்கு வருகிறது. 2009 ஆகஸ்டில் ஷ்மிட் ஆப்பிள் குழுவிலிருந்து விலகுகிறார். என் பொருளைத் திருடிவிட்டார்கள் என்று ஜாப்ஸ் கொதித்தார். மறு ஆண்டு வழக்குகள் கிளம்பின. இந்த ஆண்டுகளில் ஆப்பிள் குழுவில் அமர்ந்துகொண்டும், ஜாப்ஸோடு நடந்துகொண்டும், கூகுள் தலைவர்களுக்கு கோச்சாகவும் இருந்தவர் கேம்ப்பெல்.

அவர்களுக்கு உதவினால் எனக்குக் கெடுதல் செய்கிறாய் என்று ஜாப்ஸ் அவரிடம் சத்தம் போட்டிருக்கிறார். கேம்ப்பெல்லே ஒரு பேட்டியில் இதைச் சொன்னார். அவர் கொடுத்த பதில்: எனக்கு எச்.டி.எம்.எல். கூடத் தெரியாது, கம்பெனியை ஒழுங்காக நடத்த அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அவ்வளவுதான். ஜாப்ஸின் கோபம் ஆறவில்லை. நட்பும் முறியவில்லை.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கோச்சிங் அறைக்குள் என்ன நடக்கும் என்று தெரிந்தவர் இந்தப் பதிலை ஏற்க முடியாது. அங்கே யாரும் தொழில்நுட்ப ரகசியத்தைத் தேடிப் போவதில்லை. இந்த ஆளை நம்பலாமா, எந்தப் பொருளில் கூடுதலாகப் பணம் போடுவது, இவர்கள் இருவருக்குள் ஏன் ஒத்துப்போகவில்லை, இதெல்லாம்தான் பேச்சு. ஒரு போட்டியாளர் அறிய விரும்புவதும் அதைத்தான். கேம்ப்பெல் ஒரு சொல்லைக்கூட அங்கிருந்து இங்கே கடத்தவில்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும், கேட்டதைக் கேட்காததாக எப்படி ஆக்குவது? ஷ்மிட்டின் கவலை என்னவென்று தெரிந்த பிறகு, ஜாப்ஸிடம் அவர் கேட்கும் கேள்வியின் திசை மாறியிருக்காதா? மாறவில்லை என்று அவரே சத்தியம் செய்தாலும் சரிபார்க்க வழியில்லை. ஐ.சி.எஃப். நெறிமுறை இங்கே கோச்சின் மனச்சான்றை விசாரிப்பதில்லை. நலன்கள் மோதக்கூடும் என்று தோன்றினாலே சம்பந்தப்பட்டவர்களிடம் வெளிப்படையாகச் சொல், தீர்க்க முடியாவிட்டால் விலகு என்கிறது. கேம்ப்பெல் விஷயத்தில் வெளிப்படை இருந்தது, எல்லோருக்கும் தெரிந்தேதான் எல்லாம் நடந்தது. ஒரு தரப்பு ஒப்பவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. விலகல்தான் நடக்கவில்லை.

ஊதியம் வாங்காததை அவருடைய பெருமையாகப் பலரும் எழுதுகிறார்கள். எனக்கு அங்கேதான் நெருடுகிறது. காசு வாங்குகிற இடத்தில் ஒரு காகிதம் இருக்கும். யாருக்காக வேலை செய்கிறேன், எதை யாரிடம் சொல்லுவேன், எப்போது முடித்துக்கொள்ளலாம் என்று அதில் எழுதியிருக்கும். நட்புக்காகச் செய்கிறவரிடம் அந்தக் காகிதத்தைக் கேட்க யாருக்கும் வாய் வராது.

அதன் விளைவு வேறொரு இடத்தில் பதிவாகியிருக்கிறது. ஒருவர் ஊழியரை இன்னொருவர் இழுக்கக் கூடாது என்று சிலிக்கான் பள்ளத்தாக்கின் பெரிய நிறுவனங்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டன என்ற புகாரில், அமெரிக்க நீதித்துறை 2010 செப்டம்பரில் அடோபி, ஆப்பிள், கூகுள், இன்டெல், இன்டூயிட், பிக்ஸார் ஆகிய ஆறின் மீதும் வழக்குத் தொடுத்து, சமரசமாக முடித்தது. பிறகு சுமார் 64,000 ஊழியர்கள் சார்பில் தனி வழக்கு. 32.45 கோடி டாலருக்கு வந்த சமரசத்தை 2014-இல் நீதிபதி லூசி கோ போதாது என்று திருப்பி அனுப்பினார்; மறு ஆண்டு 41.5 கோடி டாலருக்கு முடிந்தது. அந்த வழக்கின் ஆவணங்களில் கேம்ப்பெல் பெயர் வருகிறது. 2005 பிப்ரவரியில், தன் உலாவிப் பிரிவு ஆட்களைக் கூகுள் இழுக்கப் பார்க்கிறது என்று ஜாப்ஸ் கொதித்துக்கொண்டிருந்தபோது, எரிக் தானே தலையிட்டு ஆப்பிளிலிருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார் என்று ஜாப்ஸுக்கு மின்னஞ்சல் அனுப்பியவர் கேம்ப்பெல். அவர் மீது வழக்கு இல்லை. நிறுவனங்களும் குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் அந்த மின்னஞ்சலை ஒரு கோச்சின் கண்ணோடு படித்துப் பாருங்கள். ஒரு வாடிக்கையாளர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டு சேர்க்கிறார். இருவருக்கும் அதில் மகிழ்ச்சிதான். அந்த ஏற்பாட்டில் சம்பள உயர்வுக்கான வாய்ப்பை இழந்த பொறியாளர்கள் அந்த அறையில் இல்லை. இரு வீட்டுக்கும் வேண்டியவராக இருப்பது சமாதானத்துக்கு நல்லது என்று நாம் நம்புகிறோம். இரண்டு வீடும் சமாதானமாகப் போனதால் மூன்றாவது ஆளுக்கு இழப்பு வரலாம்.

இப்போது நமக்குப் பக்கத்தில் வருவோம். சென்னையில் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு மென்பொருள் நிறுவனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு மேலாளர் ஒருவர். வேலையில் கெட்டிக்காரர், கூட்டத்தில் எரிந்து விழுகிறார். நிறுவனம் அவருக்கு ஆறு மாதத்துக்கு ஒரு கோச்சை ஏற்பாடு செய்கிறது. பேசப்போகிறவர் மேலாளர், பணம் கட்டப்போகிறது நிறுவனம். நெறிமுறை இவர்களை இரண்டு தனி ஆட்களாகப் பிரித்துவைக்கிறது. முதல் சந்திப்பிலேயே, முடிந்தால் அதற்கும் முன்பே, மூவரும் உட்கார்ந்து, நிறுவனத்துக்கு என்ன தெரியவரும், என்ன தெரியவராது என்று எழுத்தில் பேசி முடிக்க வேண்டும். நல்ல கோச்சுகள் பெரும்பாலும் எழுதுவது இதுதான்: எந்தெந்தத் தேதியில் சந்திப்பு, எத்தனை முடிந்தது, பொதுவாக ஒப்புக்கொண்ட இலக்கு எது, இவை நிறுவனத்துக்கு; மற்றதெல்லாம் அவர் வாயால் சொன்னால் உண்டு.

இரண்டாவது மாதம் எச்.ஆர். அம்மையார் போன் செய்வார்.

“சார், ரிப்போர்ட் எல்லாம் எழுத வேண்டாம். ஆள் தேறுவாரா மாட்டாரா, அதை மட்டும் சொல்லுங்க. அப்ரைசல் கமிட்டி அடுத்த வாரம் உட்காருது.”

“நாலு செஷன் முடிஞ்சிருக்கு மேடம். ஒண்ணைக்கூட அவர் தவறவிடலை. அதுக்கு மேல வேணும்னா மூணு பேரும் சேர்ந்து உட்காரலாம், அவரே சொல்லட்டும்.”

“நாங்கதானே சார் பில் பாஸ் பண்றோம்?”

இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தொழிலே நிற்கிறது. அந்த அம்மையாருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மேலாளருக்கு நல்லது செய்யத்தான் கேட்கிறார். கோச்சுக்கும், “பிரமாதமா வர்றார் மேடம்” என்று சொல்லிவிடலாம் என்றுதான் நாக்கு துறுதுறுக்கும். நல்லதைத்தானே சொல்கிறோம் என்று சமாதானம் வேறு. ஆனால் இன்றைக்கு ஒருவரைப் பற்றிப் புகழ்ந்துவிட்டால், நாளைக்கு இன்னொருவரைப் பற்றிக் கேட்கும்போது காக்கிற மௌனம், அவர் தேறமாட்டார் என்ற பதிலாகிவிடும். பாராட்டும் ரகசிய மீறல்தான். இதைப் புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்களிடம் எத்தனை முறை சொன்னாலும் தகும்.

ரகசியத்துக்கு எல்லை உண்டு என்பதையும் முதல் நாளே சொல்லியாக வேண்டும். சட்டவிரோதச் செயல், செல்லத்தக்க நீதிமன்ற உத்தரவு, தனக்கோ பிறருக்கோ உடனடி ஆபத்து, இந்த இடங்களில் வாய் திறக்க வேண்டிவரலாம். வழக்கறிஞரிடம் சொன்னதற்கு நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. கோச்சிடம் சொன்னதற்கு அது கிடையாது. கோச்சின் குறிப்பேட்டை நீதிமன்றம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே குறிப்பைச் சுருக்கமாக எழுதுங்கள், எத்தனை காலம் வைத்திருப்பீர்கள் என்பதை வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். காதல், உடலுறவு கூடாது என்பதை நெறிமுறை வாடிக்கையாளரோடு நிறுத்தாமல் பணம் கட்டுகிற தரப்புக்கும் நீட்டியிருக்கிறது. ஆள் சேர்த்துக் கொடுத்தவருக்குக் கமிஷன் போனால் அதையும் மறைக்கக் கூடாது.

மீறினால்? புகார் கொடுக்கலாம், விசாரிப்பார்கள், சான்றிதழைப் பறிக்கலாம். ஐ.சி.எஃப். சான்றிதழுக்கு, கீழ்ப்படிக்கு 100 மணி நேரம், நடுப்படிக்கு 500, மேல்படிக்கு 2,500 மணி நேரம் கோச்சிங் செய்த அனுபவம் கேட்கிறார்கள். பறிகொடுத்தவருக்கு அது இழப்புதான். ஆனால் மறுநாள் காலையில் அவர் இன்னொரு நிறுவனத்தின் வாசலில் கோச் என்ற பெயர் அட்டையோடு நிற்பதை இங்கே எந்தச் சட்டமும் தடுக்காது. உரிமம் இல்லாத தொழில் இது. வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டவர் நீதிமன்றத்தில் வாதாட முடியாது. அப்படி ஒரு கதவு இங்கே இல்லை. எனவே கோச்சைத் தேடுகிறவர் சான்றிதழைப் பார்த்த கையோடு ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். ஒப்பந்தம் எதற்கு, நமக்குள் என்ன என்று ஒருவர் சிரித்தால் அவரிடம் போகாதீர்கள்.

அந்த மேலாளருக்கே திரும்புகிறேன். மூன்றாவது மாதம் ஒருநாள் கதவைச் சாத்திவிட்டு அவர் சொல்கிறார்: வேறு இடத்தில் ஆஃபர் வந்துவிட்டது, அடுத்த மாதம் பேப்பர் போடப்போகிறேன். அதே வாரம் நிறுவனம் ஒரு பெரிய புராஜெக்டை அவர் கையில் கொடுக்க ஆயத்தம் செய்துகொண்டிருக்கிறது. அவரைத் தக்கவைத்துக்கொள்ளத்தான் கோச்சுக்கே செலவு செய்கிறார்கள். இப்போது என்ன செய்வது?

அனுபவசாலிகளிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. நிறுவனத்துக்கு நட்டம் என்று தெரிந்தும் கட்டணத்தை வாங்கிக்கொண்டு சும்மா இருப்பது ஏமாற்று என்பார்கள் சிலர். நான் அதை ஏற்கவில்லை. கோச் வாய் திறக்கக் கூடாது. ஆனால் அந்த அறைக்குள் சும்மா இருக்கவும் கூடாது. “நீங்க போறது உங்க முடிவு. அந்த புராஜெக்ட் கைக்கு வர்றதுக்கு முன்னாடி உங்க மேலதிகாரிகிட்ட நீங்களே சொல்லிட முடியுமா? சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?” என்று கேட்க வேண்டும். அந்த ஒரு மணி நேரம் முழுக்க அதைப் பற்றியே பேசலாம். அவர் சொல்ல மறுத்தால், இனி எந்த இலக்குக்காக இந்தச் சந்திப்புகள் என்று கேட்டு, மிச்சமுள்ளவற்றை நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தியதற்குக் காரணம் கேட்கும் எச்.ஆரிடம், முதல் நாள் மூவரும் கையெழுத்திட்ட தாளை எடுத்துக் காட்டலாம். அந்தத் தாளில், வாடிக்கையாளர் வேலையை விட முடிவெடுத்தால்கூட அது அவர் மூலமாகத்தான் நிறுவனத்துக்குத் தெரியவரும் என்ற வரி இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும்போது நிறுவனம் அந்த வரியை அடிக்கச் சொன்னால், அந்த வேலையை வேறு யாராவது செய்யட்டும் என்று எழுந்துவிடலாம்.

மேலாளர் இரவெல்லாம் தூங்குவதில்லை, காலையில் வண்டியை எடுக்கவே கை நடுங்குகிறது என்று சொல்லத் தொடங்கினால் அது வேறு கணக்கு. கோச் எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும், அப்படி அனுப்பாததால் வரும் ஆபத்து என்ன என்பதை உளவியலாளர் ஸ்டீவன் பெர்கிளாஸ் 2002-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிய கட்டுரையோடு அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)