பேட்டரியில் பறக்குது குட்டி விமானம்!

வானத்தில் விமானச் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்க்காத சிறுவர், சிறுமியர் உண்டா? அந்த விமானத்தையே சின்னதாக்கி, உங்கள் கையில் ஒரு ரிமோட்டையும் கொடுத்து, "இந்தா, நீயே ஓட்டு!" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு பொழுதுபோக்கு உலகம் முழுக்க இருக்கிறது. அதுதான் ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம். சுருக்கமாக, 'ஆர்.சி.' விமானம்!

பார்க்க பொம்மை மாதிரி இருந்தாலும் இது பொம்மை அல்ல. பெரிய விமானம் எந்த விதிப்படி பறக்கிறதோ, அதே விதிப்படிதான் இதுவும் பறக்கிறது. அதே விதிப்படிதான் கீழேயும் விழுகிறது! ஆசையாக வாங்கி, ஒட்டி, வண்ணம் பூசிய விமானம், முதல் நாளே அரை நிமிடத்தில் மூக்கு உடைந்து கிடப்பது இந்தப் பொழுதுபோக்கில் சகஜம். அப்படி ஆகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்? வாருங்கள், பார்ப்போம்.

எப்படித் தொடங்கியது?

அமெரிக்காவைச் சேர்ந்த இரட்டைச் சகோதரர்கள் வால்டர் குட், வில்லியம் குட். இவர்கள் 1937ல் 'பிக் கஃப்' என்ற மாதிரி விமானத்தை ரேடியோ அலைகள் மூலம் பறக்கவிட்டனர். அந்த விமானம் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால், அது பெட்ரோலில் ஓடியது. சத்தம், புகை, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் உண்டு.

மின்சாரத்தில் பறக்கவிட்டவர், இங்கிலாந்தைச் சேர்ந்த கர்னல் டாப்ளின். 1957 ஜூன் 30 அன்று, 'ரேடியோ குயின்' என்ற தன் விமானத்தை மின் மோட்டாரில் பறக்கவிட்டார். அதற்கு அவர் பயன்படுத்தியது வெள்ளி - துத்தநாக பேட்டரி. மின்சாரத்தில் பறந்த ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் என்று முதன்முதலில் பதிவானது இதுதான்.

பிறகு ஏன் எல்லாரும் உடனே மின்சாரத்துக்கு மாறவில்லை? பேட்டரியின் எடைதான் காரணம். பின்னால் வந்த நிக்கல் - காட்மியம் பேட்டரிகளும் கனமானவை. பேட்டரியைத் தூக்கவே மோட்டாரின் சக்தி செலவாகிவிடும். 2000ம் ஆண்டுக்குப் பிறகு லித்தியம் பாலிமர் பேட்டரிகள் பரவலாக வந்தன. அதே எடையில் சுமார் மூன்று மடங்கு மின்சாரத்தை இவை சேமிக்கும். அவ்வளவுதான்... சத்தமில்லாத, புகையில்லாத விமானங்கள் மைதானங்களை நிறைத்துவிட்டன!

உள்ளே என்ன இருக்கிறது?

ஒரு சாதாரண பயிற்சி விமானத்தைப் பிரித்துப் பார்ப்போமா?

உடல்: லேசான, வளைந்தாலும் எளிதில் உடையாத நுரைப் பொருளால் ஆனது. பால்சா என்ற மிக லேசான மரத்திலும் செய்வார்கள். புதிதாகப் பழகுபவர்களுக்கு நுரைதான் நல்லது. உடைந்தால் பசை போட்டு ஒட்டிவிடலாம்.

மோட்டாரும் விசிறியும்: முன்னால் சுழலும் விசிறிக்கு புரொப்பல்லர் என்று பெயர். இது காற்றைப் பின்னால் தள்ள, விமானம் முன்னால் போகும். மோட்டாரின் மேல் '1000 கே.வி.' என்று எழுதியிருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று என்று பொருள். 11.1 வோல்ட் பேட்டரியை மாட்டினால், விசிறி இல்லாதபோது நிமிடத்துக்குச் சுமார் 11,100 சுற்று சுற்றும். விசிறியை மாட்டினால் வேகம் குறையும். அப்போதும் அது கத்தி மாதிரிதான். விரலை அருகில் கொண்டுபோகவே கூடாது!

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி: பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கும். நீங்கள் ரிமோட்டில் கேட்கும் அளவுக்கு மட்டும் மோட்டாருக்கு மின்சாரத்தை அனுப்பும்.

சர்வோ: தீப்பெட்டியை விடச் சின்ன மோட்டார் பெட்டி. சில சர்வோக்கள் வெறும் 9 கிராம்தான். இறக்கையிலும் வாலிலும் உள்ள அசையும் பலகைகளைத் திருப்புவது இதன் வேலை.

ரிசீவர்: உங்கள் ரிமோட் அனுப்பும் ரேடியோ கட்டளையைக் கேட்டு, சர்வோவுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிக்கும் சொல்லும். இதுதான் விமானத்தின் காது.

முன்பெல்லாம் ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்தினால், ஒருவர் ரிமோட்டைப் போட்டதும் மற்றவர் விமானம் தலைகுப்புற விழும்! இப்போது வரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டுகளில் ஒவ்வொரு ரிசீவரும் தன்னோடு ஜோடி சேர்த்த ரிமோட்டின் பேச்சை மட்டும்தான் கேட்கும். அதனால் அந்தச் சண்டை இல்லை.

எடை சரியா?

பட்டத்தில் நூல் கட்டும் இடம் கொஞ்சம் மாறினாலும் அது தலைகீழாகச் சுற்றும் இல்லையா? விமானத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. அதுதான் எடைமையம்.

இறக்கையின் முன் விளிம்பிலிருந்து பின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். சாதாரண பயிற்சி விமானத்தில், அந்த அகலத்தில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் எடைமையம் இருக்க வேண்டும். உதாரணமாக, இறக்கையின் அகலம் 18 செ.மீ. என்றால், முன் விளிம்பிலிருந்து 4.5 செ.மீ. முதல் 6 செ.மீ.க்குள். விமானத்துடன் வரும் கையேட்டில் அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பேட்டரியை உள்ளே வைத்து, அந்த இடத்தில் இறக்கையின் அடியில் இரண்டு ஆள்காட்டி விரல்களால் தாங்கிப் பிடியுங்கள். விமானம் படுக்கை மட்டமாக நின்றால் சரி. வால் தொங்கினால் பேட்டரியை முன்னால் நகர்த்துங்கள். மூக்கு ரொம்பவும் தொங்கினால் பின்னால் நகர்த்துங்கள்.

மூக்கு கொஞ்சம் கனமாக இருந்தால் விமானம் சோம்பேறித்தனமாகப் பறக்கும், அவ்வளவுதான். வால் கனமாக இருந்தால் கதை வேறு. மூக்கைத் தூக்கும், வேகம் குறையும், இறக்கைக்குத் தூக்கும் சக்தி போய்விடும், பொத்தென்று விழும். எந்தக் கில்லாடியாலும் அதைக் காப்பாற்றுவது கடினம்.

தரையிலேயே சோதனை!

முதலில் புரொப்பல்லரைக் கழற்றிவிடுங்கள். பிறகு ரிமோட்டைப் போடுங்கள். கடைசியாகத்தான் விமானத்தின் பேட்டரியை இணைக்க வேண்டும். முடிக்கும்போது நேர்மாறு: முதலில் விமானத்தின் பேட்டரியைக் கழற்றிவிட்டு, அப்புறம்தான் ரிமோட்டை அணைக்க வேண்டும். வரிசை மாறினால், கட்டளை கிடைக்காத விமானம் திடீரென்று மோட்டாரை ஓட்டிவிடும் ஆபத்து உண்டு.

இப்போது விமானத்தின் பின்னால் நின்று கவனியுங்கள்.

* இறக்கைக்கான குச்சியை வலது பக்கம் தள்ளினால், வலது இறக்கைப் பலகை மேலேயும், இடது இறக்கைப் பலகை கீழேயும் போக வேண்டும்.

* உயரத்துக்கான குச்சியை உங்களை நோக்கி இழுத்தால், வாலில் உள்ள படுக்கைப் பலகை மேலே எழ வேண்டும்.

* திசைக்கான குச்சியை வலது பக்கம் தள்ளினால், வாலில் நிற்கும் பலகையின் பின் விளிம்பு வலது பக்கம் திரும்ப வேண்டும்.

இதில் ஒன்று தலைகீழாக இருந்தாலும் பறக்கவிடக் கூடாது. ரிமோட்டில் அதை மாற்றும் வசதி இருக்கும்.

அடுத்தது, தூரச் சோதனை. பல ரிமோட்டுகளில் சிக்னலின் பலத்தைக் குறைத்துச் சோதிக்கும் வசதி உண்டு. அதைப் போட்டுக்கொண்டு, கையேட்டில் சொன்ன தூரத்துக்கு நடந்து போய், பலகைகள் ஒழுங்காக அசைகின்றனவா என்று பாருங்கள். எல்லாம் சரியென்றால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, புரொப்பல்லரை இறுக்கமாக மாட்டுங்கள்.

பறக்கலாமா?

'ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்' என்பார்கள். 700 கிராம் விமானம் எம்மாத்திரம்? மர இலைகள் லேசாக மட்டும் அசையும் அதிகாலை நேரம்தான் பழகுவதற்கு ஏற்றது. மின்கம்பி, மரம், வீடு, சாலை எதுவும் அருகில் இல்லாத பெரிய மைதானமாக இருக்க வேண்டும். நன்றாகப் பழகிய ஒரு பெரியவர் உங்கள் பக்கத்தில் நிற்பது கட்டாயம்.

கிளம்பும்போதும் இறங்கும்போதும் விமானத்தின் மூக்கு, காற்று வரும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். எதிர்க்காற்று இறக்கைக்கு இலவசமாகத் தூக்கும் சக்தி தரும். மேலே போனதும் அவசரப்பட்டு வித்தை காட்டாதீர்கள். நல்ல உயரத்தில் பறந்தால், தவறு நடந்தாலும் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்கும்.

இனிதான் பெரிய சோதனை. விமானம் உங்களை விட்டு விலகிப் போகும்போது, அதன் வலமும் உங்கள் வலமும் ஒன்று. அதுவே திரும்பி உங்களை நோக்கி வரும்போது, அதன் வலம் உங்களுக்கு இடம்! புதியவர்கள் பலரும் விமானத்தைத் தொலைப்பது இங்கேதான். இதற்கு ஓர் எளிய வழி இருக்கிறது. எதிரே வரும் விமானத்தின் எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமாகவே குச்சியைத் தள்ளுங்கள். தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுப்பது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விமானம் நேராகிவிடும். இதைக் கம்ப்யூட்டரில் உள்ள பறக்கும் பயிற்சி விளையாட்டில் பழகினால், எத்தனை தடவை விழுந்தாலும் செலவே இல்லை!

எவ்வளவு நேரம் பறக்கும்? கணக்குப் போடுவோம். பேட்டரியின் அளவு 1300 மில்லி ஆம்பியர் மணி, அதாவது 1.3 ஆம்பியர் மணி. மோட்டார் சராசரியாக 10 ஆம்பியர் இழுக்கிறது. 1.3ஐ 10ஆல் வகுத்து, 60ஆல் பெருக்கினால் 7.8 நிமிடம். ஆனால், பேட்டரியைக் காலியாகும் வரை ஓட்டக் கூடாது. 80 சதவீதம் செலவானதும் இறக்க வேண்டும். எனவே, 6 நிமிடத்தில் மணி அடிக்கும்படி கடிகாரத்தை வையுங்கள்.

கவனம்... கவனம்!

லித்தியம் பாலிமர் பேட்டரி நல்ல நண்பன். அலட்சியமாக நடத்தினால் தீப்பிடிக்கும். ஓர் அறையில் (செல்லில்) மின்னழுத்தம் 4.2 வோல்ட்டுக்கு மேலே போகவும் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கவும் கூடாது. எல்லா அறைகளையும் சமமாக நிரப்பும் அதற்கான சார்ஜரில், பெரியவர் முன்னிலையில், சிமென்ட் தரை போன்ற தீப்பிடிக்காத இடத்தில்தான் சார்ஜ் செய்ய வேண்டும். சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்குவது, கடைக்குப் போவது கூடவே கூடாது. உப்பிய பேட்டரி, குத்துப்பட்ட பேட்டரி, கீழே விழுந்து நசுங்கிய பேட்டரி... இவற்றை மறுபடியும் பயன்படுத்தாதீர்கள். குப்பைத் தொட்டியிலும் போடாதீர்கள். மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

சட்டமும் இருக்கிறது. நம் நாட்டில் 2021ல் ட்ரோன் விதிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றின்படி வானம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையம், ராணுவப் பகுதி போன்ற இடங்களுக்கு அருகே அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது. பச்சைப் பகுதியிலும் 400 அடிதான் எல்லை. எந்த இடம் எந்த நிறம், பதிவு தேவையா என்பதையெல்லாம் பெரியவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். விமானம் எப்போதும் உங்கள் கண் பார்வையில் இருக்க வேண்டும். மனிதர்கள் தலைக்கு மேல் ஒருபோதும் பறக்கவிடக் கூடாது.

தெரியுமா உங்களுக்கு?

* அமெரிக்காவைச் சேர்ந்த மேனார்ட் ஹில்லுக்கு அப்போது வயது 77. பார்வையும் கேட்கும் திறனும் பெருமளவு போய்விட்டன. ஆனாலும் பால்சா மரத்தால், 5 கிலோவுக்கும் குறைவான விமானம் ஒன்றைச் செய்தார். 2003 ஆகஸ்ட் 9ல் கனடாவிலிருந்து கிளம்பிய அது, சுமார் 39 மணி நேரம் பறந்து, அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது! தொலைவு சுமார் 3,030 கி.மீ. அது பேட்டரியில் அல்ல, எரிபொருளில் பறந்தது. பேட்டரி விமானத்துக்கு அந்தத் தூரம் இன்னும் பெரிய சவால்தான்.

* 2018ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், ஆளில்லா விமானத்தில் மருத்துவப் பொருள் கொண்டுபோகும் போட்டி நடந்தது. சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்‌ஷா' குழு அதில் இரண்டாம் இடம் பிடித்தது. குழுவின் ஆலோசகராக இருந்தவர், மாதிரி விமானங்களில் ஆர்வம் கொண்ட நடிகர் அஜித்குமார்.

இன்றே செய்து பாருங்கள்!

ரிமோட் விமானம் இல்லையா? கவலை வேண்டாம். ஒரு காகித விமானம் மடியுங்கள். வீட்டுக்குள்ளேயே நேராக எறிந்து, எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து எழுதுங்கள். அடுத்து, மூக்கில் ஒரு ஜெம் கிளிப் மாட்டி எறியுங்கள். பிறகு அதே கிளிப்பை வாலில் மாட்டி எறியுங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து தடவை செய்யுங்கள். கிளிப்பை ஒரு விரல் அகலம் நகர்த்தி மறுபடியும் பாருங்கள்.

எந்த இடத்தில் கிளிப் இருந்தபோது விமானம் மிக அழகாக மிதந்தது? அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். டாப்ளின் முதல் மேனார்ட் ஹில் வரை அத்தனை பேரும் தேடிய சரியான எடைச் சமநிலை உங்களுக்கும் கிடைத்துவிட்டது!